ஒரு சீட்டும் ஆயிரம் பிறையும்



சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம், ஆவணி அவிட்டம், திருக்கார்த்திகை, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் என நம் திருக்கோயில்களின் பெருவிழாக்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். அவை யாவும் முழுநிலவு நாளிலோ, அதனை ஒட்டியோ அமைந்திருப்பதைக் காணலாம். ஐப்பசிப் பௌர்ணமியில் சிவாலயங்களில் அன்னாபிடேகம் நிகழ்கிறது. மாதந்தோறும் நிலவு நிறையும் நாளில் திருவண்ணாமலையை அடியார் கூட்டம் வலம் வருகிறது. வானில் நிலவு நிறையும் வேளையில் மண்ணில் மனம் நிறைய வேண்டும் என்ற கருத்தில் நம் முன்னோர் இவ்வாறு அமைத்தனர் போலும்.

ஆயினும் எல்லோருக்கும் எல்லாப் பௌர்ணமியும் நிறைவைத் தருவதில்லை. தனித்திருக்கும் முதியவர்க்கு நிலவொளி பழைய நினைவுகளையும் உடன் அழைத்து வருகிறது. அத்தகைய ஓர் இரவைப் பற்றி, பெயரும் ஊரும் வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டு, 74 வயதான அம்மையார் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார்.

அவருடைய கணவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, பௌர்ணமி இரவில் மொட்டைமாடியில் தன் தோழியருடன் டாரட் சீட்டுகளைப் பரப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். “பாட்டி, நீங்களும் ஒன்று எடுங்கள். உங்கள் மனத்தில் இருப்பதை இது சொல்லும்” என்றாள். அம்மையாரும் எடுத்தார். வெள்ளைக் குதிரையின்மீது கவசம் பூண்ட எலும்புக்கூடு ஒன்று வரும் படம் வந்தது. அதன் அடியில் மரணம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. பேத்தி ஏதோ சொல்லிச் சிரித்துச் சமாளித்தாள். அம்மையாரால் சிரிக்க இயலவில்லை. அடுத்த வாரம் அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். உடல் சரியில்லை என்று சொல்லி அதைத் தள்ளிப்போட்டுவிட்டார். உண்மைக் காரணத்தை மகனிடமும் சொல்லவில்லை. அன்று முதல் உறக்கமில்லை.

“நிறைநிலா நாளில் வந்த குறி பலித்துவிடுமா? எனக்கு மட்டும் ஏன் அந்தச் சீட்டு வந்தது?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் கேள்வி உங்களுக்கு மட்டும் உரியதன்று. சகுனத்தையும், கனவையும், பஞ்சாங்கத்தின் ஒரு வரியையும் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்போர் நம் வாசகர்களில் பலர் இருப்பர். ஆகவே சற்று விரிவாகவே பேசுவோம்.

சீட்டு வந்த வழி

முதலில் உங்களை அஞ்சவைத்த பொருளின் பிறப்பை அறிந்துகொள்வோம். டாரட் சீட்டுகள் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் தோன்றின. மிலான், ஃபெராரா முதலிய நகரங்களின் பிரபுக்கள் வீடுகளில் பொழுதுபோக்குக்காக ஆடிய சீட்டாட்டம் அது. ஏறத்தாழ 300 ஆண்டுகள் வரை அது பெரிதும் ஆட்டமாகவே இருந்தது. 1781-இல் பிரெஞ்சு நாட்டு எழுத்தாளர் கூர் தெ ஜெபலின் என்பவர், இவற்றில் எகிப்தியரின் பண்டைய ஞானம் மறைந்திருக்கிறது என்று எழுதினார். அதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆயினும் அதன் பிறகே குறி பார்க்கும் வழக்கம் பரவியது. இன்று பெரும்பாலோர் கையில் இருக்கும் படங்கள் 1909-இல் இலண்டனில் வெளிவந்தவை. ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவரின் திட்டப்படி பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியப் பெண்மணி அவற்றை வரைந்தார்.

மொத்தம் 78 சீட்டுகள். அவற்றுள் 22 தலைமைச் சீட்டுகள். உங்கள் கைக்கு வந்த மரணச் சீட்டின் எண் 13. இதைச் சற்றுக் கவனியுங்கள். அந்த வரிசை மரணத்தோடு முடிவதில்லை. அதன் பின்னும் சீட்டுகள் தொடர்கின்றன. 17-ஆவது விண்மீன், 18-ஆவது நிலவு, 19-ஆவது கதிரவன், 21-ஆவது உலகம். நீங்கள் எடுத்த படத்திலேயே, பின்புறத்தில், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கதிரவன் ஒளிர்வதைக் காணலாம். குதிரைமேல் இருப்பவனைக் கண்ட அச்சத்தில் கதிரவன் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. இச்சீட்டுகளைக் கற்றவர்களும் அதனை உயிர்போகும் குறியாகக் கொள்வதில்லை. வாழ்வின் ஒரு நிலை முடிந்து மற்றொன்று தொடங்குவதாகவே பொருள் சொல்கின்றனர்.

ஆகவே உங்கள் பேத்தியைக் கடிந்துகொள்ள வேண்டா. இக்காலத்து இளையோர் பலர் வருங்காலத்தை அறிவதற்காக மட்டும் இதனைக் கையில் எடுப்பதில்லை. மனத்தில் உள்ளதை வெளியே சொல்ல அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. ஒரு படத்தை நடுவில் வைத்துக்கொண்டால் பேசுவது எளிதாகிறது. அந்த அளவில் அதில் ஒரு பயன் உண்டு. உங்களிடமும் அது நிகழ்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். கணவரின் மறைவு, அறுவைச் சிகிச்சை மேசை, தனித்த இரவு என எல்லாம் சேர்ந்து உங்களுள் ஓர் அச்சம் முன்பே இருந்திருக்கும். சீட்டு அதற்கு ஒரு முகத்தை மட்டும் கொடுத்தது. இளையோர் அந்த முகத்தைப் பார்த்ததும் தங்களுக்குள் பேசிவிடுகிறார்கள். நீங்கள் பேசாமல் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டீர்கள். உறக்கம் கெட்டது அதனால்தான்.

திருவுளம் கேட்கும் முறை

குறி கேட்பது நமக்குப் புதிதன்று. கிராமத்துக் கோயில்களில் பூக்கட்டிப் பார்ப்பதை நீங்கள் அறிவீர்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் திருமுன் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். திருவுளச்சீட்டுப் போடுவதும் இவ்வகையே. சைவர்களிடையே திருமுறைச் சுவடியில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கம் இருந்தது. சுவடிக் கட்டில் கயிற்றை இட்டு, அது காட்டும் ஏட்டில் உள்ள பாடலையே இறைவன் வாக்காக ஏற்பார்கள். மதுரையில் நிகழ்ந்த அனல்வாதத்தின்போது திருஞானசம்பந்தர் சுவடியை அவிழ்த்து ஏட்டை எடுக்க, திருநள்ளாற்றுப் பதிகம் நேர்பட்டது என்பதும், தீயிலிட்ட அந்த ஏடு வேகாமல் பசுமையாகவே இருந்ததால் அது பச்சைப் பதிகம் எனப் பெயர் பெற்றது என்பதும் நாம் அறிந்தவையே.

இவ்வழக்கங்களில் சில நெறிகள் இருந்தன. முதலாவது, தெய்வத்தின் திருமுன் கேட்டார்கள். இரண்டாவது, தம்மால் ஆன மட்டும் ஆராய்ந்து, இரண்டு வழிகளும் தகுந்தவை என்று தெரிந்த பின்பே, எதைத் தேர்வது என்று மட்டும் கேட்டார்கள். இந்தக் காணியை வாங்கலாமா, அந்த வரனை முடிக்கலாமா என்பன போன்ற கேள்விகள் அவை. நான் எப்போது இறப்பேன் என்று எவரும் பூப்பொட்டலம் வைத்துப் பார்த்ததில்லை. மூன்றாவது, விடை வந்ததும் மனம் ஓரிடத்தில் நின்றது. அதன்பின் அவர்கள் செயலில் இறங்கினார்கள். மனம் அமைதியுற்றுச் செயலில் இறங்குவதற்காகவே அக்காலத்தவர் குறி கேட்டனர்.

இந்த அளவுகோலை உங்கள் மொட்டைமாடி இரவுக்கு வைத்துப் பாருங்கள். நீங்கள் இறைவன் திருமுன் நின்று எதையும் கேட்கவில்லை. மனத்தில் ஒரு வினாவை நிறுத்தவும் இல்லை. பேத்தியின் விளையாட்டில் கலந்துகொண்டீர்கள், அவ்வளவே. கேளாத கேள்விக்கு வந்த விடையை ஏன் சுமக்க வேண்டும்?

மனத்தின் கோள் மிக விரைந்து செல்வது

நிறைநிலா நாளில் வந்ததால் பலிக்குமோ என்கிறீர்கள். சோதிட நூலார் சந்திரனை மனோகாரகன் என்றனர். பரமபுருடனின் மனத்திலிருந்து சந்திரன் தோன்றினான் என்பது புருஷ சூக்தத்தின் கருத்து. சூரியனுக்கு நேர் எதிரே, ஏழாம் இராசியில் நின்று, முழு ஒளியையும் ஏற்கும் நாளே பௌர்ணமி. அன்று சந்திரன் பட்ச பலம் மிகுந்து நிற்கிறான். நூலின்படியே பார்த்தாலும், மனத்துக்கு அது வலிமை தரும் நாளேயன்றி அச்சம் தரும் நாளன்று.

இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். சனி ஒரு இராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு ஆகும். குருவுக்கு ஏறத்தாழ ஓராண்டு. சந்திரனோ இரண்டேகால் நாளில் ஓர் இராசியைக் கடந்துவிடுகிறான். ஒன்பது கோள்களில் மிக விரைந்து செல்பவனையே மனத்துக்கு உரியவனாக வைத்தார்கள். மனத்தில் வரும் கலக்கமும் அவனைப் போலவே நில்லாமல் நகரக்கூடியது என்ற குறிப்பை இதில் நாம் கண்டுகொள்ளலாம். சந்திராட்டம நாளில் பெரிய முடிவுகளை எடுக்க வேண்டா என்று பெரியோர் சொன்னதும் இரண்டேகால் நாள் பொறுத்திருப்பதற்காகவே. அஞ்சிய மனத்தோடு நள்ளிரவில் எடுத்த முடிவை அப்படியே வைத்துக்கொள்ளாமல், நாள் சற்றுக் கடந்தபின் பகல் வெளிச்சத்தில் மறுபடி எண்ணிப் பார்ப்பது சோதிடத்துக்கும் அறிவுக்கும் ஒத்த செயல்.

கோள்களுக்கு அஞ்சுவோர்க்கு நம் சமயம் தந்திருக்கும் விடை கோளறு பதிகம். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரின் வேண்டுகோளை ஏற்று மதுரைக்குப் புறப்பட்ட ஞானசம்பந்தரை, திருமறைக்காட்டில் இருந்தபோது அப்பர் பெருமான் தடுத்தார். நாளும் கோளும் நன்றாக இல்லை என்று கவன்றார். முதியவர் இளையவர்மீது கொண்ட அன்பால் எழுந்த அச்சம் அது. பிள்ளையார் அந்த அச்சத்தை இகழவில்லை. நாளையும் கோளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாடி, அடியார்க்கு அவை நல்லனவே செய்யும் என்று உறுதி கூறினார். அதன் முதற்பாடலில் சந்திரன் இருமுறை வருவதைக் கவனியுங்கள். கோள்களின் வரிசையில் ஒருமுறை. அதற்கு முன்பே பெருமான் திருமுடியில் அணியாக ஒருமுறை. நம்மை ஆட்டிவைப்பதாக நாம் நினைக்கும் கோள், அவனுக்குச் சூடும் பூவைப் போன்றது. பதிகத்தைப் பாடி முடித்த சம்பந்தர் திருமறைக்காட்டிலேயே தங்கிவிடவில்லை. மதுரைக்குப் புறப்பட்டுச் சென்றார். செய்ய வேண்டிய செயலைச் செய்வதற்காகப் பாடிய பதிகம் அது.

மனத்துக்கு ஒரு நங்கூரம்

இனி, கலங்கும் மனத்தை நிறுத்துவதற்கு முழுநிலவு எவ்வாறு துணையாகும் என்பதைப் பார்ப்போம். இதற்கும் சம்பந்தர் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

திருமயிலையில் சிவநேசர் என்னும் வணிகர் தம் மகள் பூம்பாவையை இளமையிலேயே அரவு தீண்டி இழந்தார். சாம்பலையும் எலும்பையும் குடத்திலிட்டுக் காத்திருந்தார். சம்பந்தர் அங்கு எழுந்தருளி அக்குடத்தை நோக்கிப் பாடிய பதிகத்தில் என்ன சொன்னார் தெரியுமா? சாவைப் பற்றி நீண்ட விளக்கம் எதுவும் சொல்லவில்லை. திருமயிலையில் நடக்கும் விழாக்களையே வரிசையாகச் சொன்னார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, இவற்றைக் காணாமல் நீ செல்வது தகுமா என்ற பொருள்பட வினவினார். அவற்றுள் பல முழுநிலவை ஒட்டிய விழாக்கள்.

துயரத்தில் ஆழ்ந்த மனத்துக்கு இதைவிட நல்ல மருந்து வேறில்லை. நாளை என்ன ஆகுமோ என்று தவிக்கும் மனம் எதிலும் நிற்காமல் அலைகிறது. அடுத்த பௌர்ணமிக்கு அன்னாபிடேகம் என்றால், அரிசி கொடுக்க வேண்டும். அதற்கு அடுத்தது திருக்கார்த்திகை என்றால், அகல் வாங்க வேண்டும். மனத்துக்குக் கையில் ஒரு வேலையும், காத்திருக்க ஒரு நாளும் கிடைத்துவிடுகிறது. படகைக் கட்டிவைக்கும் நங்கூரம் போல, மாதத்துக்கு ஒரு நாள் மனத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

திருக்கடவூர் சொல்வது

மரணமும் நிலவும் சேர்ந்து உங்களை அச்சுறுத்தின என்பதால் திருக்கடவூரை நினைவூட்ட விரும்புகிறேன். மார்க்கண்டேயருக்காகப் பெருமான் காலனைக் காலால் உதைத்த வீரட்டானம் அது. அதே தலத்தில்தான் அபிராமி பட்டர் தை அமாவாசை நாளில், அம்பிகையின் திருமுக ஒளியில் தம்மை மறந்திருந்து, இன்று பௌர்ணமி என்று சரபோசி மன்னரிடம் சொன்னார். சொல்லைக் காக்க அந்தாதி பாடினார். அன்னை தன் தோட்டை எடுத்து வானில் வீச, அமாவாசை இரவில் முழுநிலவு தோன்றியது என்பது தலவரலாறு. காலனை வென்றதும், இருண்ட இரவில் நிலவு எழுந்ததும் ஒரே திருக்கோயிலில்.

அங்குதான் அறுபதும் எண்பதும் நிறைந்தோர் சாந்தி செய்துகொள்கின்றனர். எண்பதைக் கடந்து சில மாதங்கள் ஆனவரை ஆயிரம் பிறை கண்டவர் என்கிறோம். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு ஏறத்தாழ 29½ நாள். கணக்கிட்டுப் பார்த்தால், 74 வயதான உங்கள் வாழ்நாளில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட முழுநிலவுகள் வந்துபோயிருக்கின்றன. அவற்றுள் எத்தனை இரவில் குழந்தைக்குச் சோறூட்டினீர்கள், எத்தனை இரவில் கணவரோடு கோயில் சென்று திரும்பினீர்கள்! இத்தனையையும் காத்தளித்தவன் துணையிருக்க, ஓர் இரவில் எடுத்த ஒரு சீட்டு அவ்வளவையும் மறைத்துவிடலாமா?

என்றாவது ஒருநாள் அனைவரும் புறப்பட வேண்டியவர்களே. அதை இல்லையென்று சொல்லி உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை. ஆனால் அந்த நாளைச் சொல்லும் உரிமை எந்தச் சீட்டுக்கும் இல்லை. அதுவரை உள்ள நாள்கள் நம் கையில் தரப்பட்டவை. அவற்றை அஞ்சிக் கழிப்பதா, வணங்கிக் கழிப்பதா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

பௌர்ணமி மாலையில் செய்யத்தக்கவை

மனக்கலக்கம் உள்ள அன்பர்கள் பௌர்ணமிதோறும் வீட்டிலேயே கடைப்பிடிக்கத்தக்க எளிய முறை ஒன்றைக் கூறுகிறேன்.

கதிரவன் மறையும் நேரத்தை ஒட்டியே முழுநிலவு கிழக்கில் எழும். அதற்கு முன்பாக விளக்கேற்றி, கிழக்கு வானம் தெரியும் இடத்தில், முதுகுக்குச் சாய்மானம் வைத்து அமருங்கள். மனத்தை உறுத்தும் செய்தி எதுவோ, அதை ஒரு தாளில் இரண்டு வரியில் எழுதுங்கள். எழுத இயலாதவர்கள் இறைவன் படத்தின்முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். பெயரில்லாத அச்சம்தான் பெரிதாகத் தெரியும். சொல்லில் அடங்கிவிட்டால் அதன் அளவு தெரிந்துவிடும். பின்னர்க் கோளறு பதிகமோ, அபிராமி அந்தாதியோ, விஷ்ணு சகஸ்ரநாமமோ உங்களுக்குப் பழகியதை நிதானமாக ஓதுங்கள். பாலோ பாயசமோ நிவேதித்து, அதில் ஒரு பங்கை அண்டை வீட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள்.

அதன்பிறகு, எழுதிய செய்தியை உற்றார் ஒருவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். இறைவனிடம் சொன்னதை மனிதரிடம் சொல்லத் தயங்க வேண்டா. இறுதியாக, நாள்காட்டியில் அடுத்த பௌர்ணமியைக் குறித்து, அன்று எந்தக் கோயிலில் என்ன விழா என்று பக்கத்தில் எழுதிவையுங்கள்.

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் பட்டினி கிடக்க வேண்டா. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் நடக்க முழங்கால் இடம் தராவிட்டால், உள்ளூர்த் திருக்கோயிலின் பிராகாரத்தை ஒருமுறை வலம் வந்தாலும் பெருமான் ஏற்றுக்கொள்வான்.

அம்மா, உங்களுக்கு மட்டும் இன்னும் இரண்டு சொற்கள். இந்த இதழைக் கையில் கொடுத்தாவது, சிகிச்சையைத் தள்ளிப்போட்ட உண்மைக் காரணத்தை மகனிடம் சொல்லிவிடுங்கள். கண் மருத்துவரிடம் புதிய நாள் கேளுங்கள். சந்திராட்டமம் மனத்தை உறுத்துமானால் அந்த இரண்டேகால் நாளை மட்டும் தவிர்த்து நாள் குறிக்கச் சொல்லுங்கள். அதற்குமேல் தள்ள வேண்டா. சிகிச்சையைப் பற்றிய ஐயங்களை மருத்துவரிடமே கேட்டுத் தெளியுங்கள். புரை படர்ந்த கண்ணுக்கு நிலவும் மங்கித்தானே தெரியும்? வரும் திருவிழாப் பௌர்ணமிகளைத் தெளிந்த கண்ணால் நீங்கள் காண வேண்டும்.

பிறைசூடிய பெருமானும், இருளில் நிலவு காட்டிய அன்னையும் உங்கள் மனத்தையும், இதனைப் படிக்கும் அன்பர் அனைவரின் மனத்தையும் நிலைபெறச் செய்தருள்வார்களாக.